பயப்படுகிறவன்

பயப்படுகிறவன் திருடன். கம்பெனியின் சுறாக்களுக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான்.

கோரைத்திட்டைச் சுற்றியுள்ள கடலைக் கம்பெனி குத்தகைக்கு எடுத்தபோது, வேலி போட வழியில்லை. காவலுக்கு ஆள் வைத்தால் அவன் எங்களுக்கு ஏதாவது ஒரு வகையில் சொந்தக்காரனாக இருப்பான். ஆகவே சுறாக்களை இறக்கினார்கள். ஒவ்வொன்றும் அரை வள்ளம் நீளம். சாம்பல் நிற ரப்பர் தோல். கண் இருக்கவேண்டிய இடத்தில் ஊசித்துளைகள். வாய்க்குள் பல் கிடையாது. சுழலும் வளையம் ஒன்று உண்டு. ஒன்றைத் தனியாகப் பார்த்தால் மந்தமான எருமைபோல இருக்கும். ஆனால் அவை தனியாக வருவதில்லை. ஒன்று திரும்பினால் கூட்டமே திரும்பும். கூட்டம் போனபின் அந்த இடத்தில் தண்ணீர் மட்டும்தான் இருக்கும்.

பாசி எடுக்கும் பெண்கள் அவற்றுக்குக் கங்காணி என்று பெயர் வைத்தார்கள்.

கங்காணிகள் முகம் பார்ப்பதில்லை. இதயத்தைக் கேட்கின்றன. இதை எங்களுக்குச் சொன்னவன் டெரன்ஸ். தூத்துக்குடிக்காரன், கம்பெனியில் டைவர். டீ வாங்கிக் கொடுத்தால் பாதி ரகசியம் சொல்வான். என் கொழுந்தியாள் முனீஸ்வரி பக்கத்தில் நின்றால் மீதியையும் சொல்வான்.

"சொந்த வீட்டுக்குள்ள போறவன் பயப்படுவானா? திருடன்தான பயப்படுவான். மேலிடத்துல அப்படித்தான் யோசிச்சிருக்காவ. தண்ணிக்குள்ள எந்த நெஞ்சு திடீர்னு எகிறுதோ, அதான் திருட்டு நெஞ்சு" என்றான்.

"நீங்க கம்பெனி ஆளுதான. நீங்க எதுக்கு முழுகுறதுக்கு முந்தி மாத்திரை போடுறீக?" என்று கேட்டாள் முனீஸ்வரி.

டெரன்ஸ் டீயைக் குடித்து முடித்தான். "எங்களுக்கும் பயந்தான்" என்றான். பிறகு கண்ணாடி கிளாஸைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டான். இதயத்தை மெதுவாக்கும் ரோஸ் நிற மாத்திரை அது. கம்பெனி டைவர்கள் எல்லோரும் எங்கள் கரையில் தூங்கிவழிந்துகொண்டே திரிந்ததற்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

இது தெரிவதற்கு முன்பே என் மனைவி போய்விட்டாள்.

பூமயில் பாசி எடுப்பவள். புடவைக்கு மேல் என் பழைய சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் துணிச்சுற்று, காலில் தட்டு. மீன் துடுப்பு போல உந்துவதற்குத் தட்டை வெட்டி உள்ளங்காலில் கட்டிக்கொள்வார்கள். பூமயில் வெட்டியது எங்கள் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டை. அதில் 'அன்பளிப்பு: சேதுராசு - முத்துராக்கு' என்று பொறித்திருந்தது. முத்துராக்கு அவளுக்கு அக்கா முறை, எனக்கு மதினி. நாங்க சோறு திங்கக் குடுத்தோம், இவ மிதிச்சுக்கிட்டுத் திரியிறா என்று மதினி கரையெங்கும் சொல்லிச் சிரிப்பாள். பெயர் இருக்கிற பக்கம் கீழேதான் இருக்கு, மரியாதையாத்தான் மிதிக்கிறேன் என்பாள் பூமயில்.

அவளுக்குக் கங்காணிகளிடம் பயம் இல்லை. கம்பெனிக்காரன் பொம்மை விடுறான் என்று சொல்லிவிட்டு அவற்றுக்கு நடுவிலேயே பாசி பறித்தாள். அவள் பயந்தது ஒன்றே ஒன்றுக்கு. சொறிமீனுக்கு. குடைபோல, கண்ணாடிபோல மிதக்குமே, அது. பட்டால் அரிக்கும், அவ்வளவுதான். ஆனால் அதைப் பார்த்தால் பூமயில் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். நான் பெரிய வீரன் இல்லை. கிடைத்த முதுகு என்னுடையது.

அன்றைக்கு ஒரு சொறிமீன் அவள் முகத்துக்கு நேரே வந்தது. முத்துராக்கு மதினி வள்ளத்தில் பாதி ஏறியிருந்தாள். சொறிமீனைப் பார்த்தாள். பூமயில் உதறியதைப் பார்த்தாள். பிறகு கூட்டம் திரும்பியதைப் பார்த்தாள்.

கம்பெனி இதற்குத் 'தொடர்பு நிகழ்வு' என்று பெயர் சொன்னது. இரங்கல் தெரிவித்து, தன் முத்திரை போட்ட சுவர்க்கடிகாரம் ஒன்றை அனுப்பியது. மாட்டினேன். நேரம் சரியாகக் காட்டுகிறது.

விஷயம் தெரிந்தபிறகு பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வள்ளத்தில் போகும்போதே ஒருத்தியை ஒருத்தி கிண்டலடித்து, பயத்தையெல்லாம் சிரித்துக் கொட்டிவிட்டுத் தளர்ந்த உடம்போடு இறங்குவது. கிண்டலுக்கு முதல் பலி எப்போதும் மதினியின் கணவர், வள்ளம் ஓட்டும் சேதுராசு அண்ணன்தான். அவர் கடலில் பிறந்தவர், கடலைக் கண்டால் நடுங்குபவர். வீட்டில் பல்லி விழுந்தால் மதினியைக் கூப்பிடுவார். அந்தக் கதைகள் தீர்ந்துபோகாமல் மதினி பார்த்துக்கொண்டாள். கங்காணிகள் பெண்களின் இடுப்பை உரசிக்கொண்டு போயின. கூடைகள் நிறைந்தன.

மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. கங்காணிகளின் செவியை இன்னும் கூர்மையாக்கினார்கள். இனி பெரிய பயம் தேவையில்லை, சின்னத் தயக்கமே போதும். முதல் நாளே பாசி எடுப்பவர்களில் ஒருத்தியான பூரணத்தின் குதிகால் போயிற்று. அதன்பிறகு யாரும் இறங்கவில்லை. வள்ளம் மணலில் கிடந்தது. எங்கள் கரையில் பாசியை நம்பித்தான் ஆறு வீடு. ஆண்களின் வலைக்கும் கம்பெனி இடம் வைக்கவில்லை.

அந்த நாட்களில்தான் நான் கடலுக்குள் போனேன். பூமயிலின் கால்தட்டு திட்டின் ஓரத்தில் கிடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். வள்ளத்தை எடுத்துக்கொண்டு போய் இறங்கித் தேடினேன். கங்காணிகள் வந்தன. சந்தையில் ஆடுகள் கம்பத்தை உரசிக்கொண்டு போவதுபோல என்னை உரசிக்கொண்டு போயின. ஒன்று என் மார்புக்கு நேரே நின்றது. ஊசித்துளைகள் ஏதோ கேட்டன. கேட்க ஒன்றும் இல்லை. போய்விட்டது. ஒரு தட்டு கிடைத்தது. மற்றதைக் காணவில்லை.

திரும்பி வந்தபோது கரையே நின்றது. முத்துராக்கு மதினி என்னைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

"கங்காணிகூட உன்னையக் கண்டுக்கிடலையே காலேசு" என்றாள். நான் இயற்பியல் பட்டம் வாங்கியவன். அன்றிலிருந்து இன்றுவரை மதினிக்கு என் பெயர் காலேசு.

மறுநாள் பெண்கள் எனக்குப் பாசி பறிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு காலில் பூமயிலின் தட்டு, மறுகாலில் முனீஸ்வரி வெட்டிக் கொடுத்த அலுமினியத் தட்டு. எடை வேறு வேறு. நேராக நீந்தினால் வட்டமாகப் போனேன். விலைபோகும் மரிக்கொழுந்துப் பாசியை விட்டுவிட்டு யாரும் வாங்காத குப்பையைக் கூடை நிறையக் கொண்டுவந்தேன். இதுக்குத்தான் பட்டம் வாங்குனியா என்று பூரணம் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்தபடி விசாரித்தாள்.

என்னை வைத்து ஆறு வீட்டு உலை கொதிக்காது என்று தெரிந்தது. அப்போது டெரன்ஸ்தான் இன்னொன்று சொன்னான். மேலிடத்து ஆட்கள் சிலசமயம் திட்டைப் பார்க்க வருவார்கள். தண்ணீருக்குள் இறங்க ஆசைப்படுவார்கள்.

"அவங்களுக்குப் பயம் வரும்லா? அதனால கங்காணிக்கு ஒரு விதி வச்சிருக்காவ. கையப் பிடிச்சுட்டுப் போனா ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் எண்ணும். ரெண்டுல எந்த நெஞ்சு நிதானமா இருக்கோ, அதான் கணக்கு. இன்னொண்ணு விருந்தாளி" என்றான்.

முதலாளிகளின் பயத்துக்கு மட்டும் மன்னிப்பு உண்டு. அதை நாங்கள் கடன் வாங்கிக்கொண்டோம்.

அதன்பிறகு என் வேலை கைபிடிப்பது. ஒவ்வொரு பெண்ணாகக் கையைப் பிடித்துத் திட்டுக்குக் கூட்டிப்போவேன். அவள் மறுகையால் பறிப்பாள். நான் கூடையோடு மிதப்பேன். மூச்சு வாங்க மேலே வருவோம், மறுபடி இறங்குவோம். கொண்டுவந்து வள்ளத்தில் விட்டுவிட்டு அடுத்தவள் கையைப் பிடிப்பேன். முத்துக்குளிக்கிற காலத்துல கயிறு பிடிக்கிறவன் மச்சானாத்தான் இருக்கணுமாம், நமக்கு வாய்ச்ச மச்சான் கையையே பிடிக்கிறாக என்று முனீஸ்வரி பாடாத குறையாகச் சொல்லிக்கொண்டு வருவாள். கணவன்மார்கள் கரையில் வரிசையாக நின்று தூரத்தைப் பார்ப்பார்கள். சேதுராசு அண்ணன் மட்டும் ஒருநாள் வாயைத் திறந்தார். கையை மட்டும் பிடிக்கச் சொல்லு என்றார்.

"வேற நெனப்பு இருக்க ஆளா இருந்தா கங்காணி இந்நேரம் விட்டுவச்சிருக்குமா? உங்களவிடக் கங்காணிக்குத் தெரியும், பேசாம இருங்க" என்றாள் மதினி.

அது உண்மை. ஆறு பெண்களின் கையைப் பிடித்தேன். ஆறும் குளிர்ந்திருந்தன, நடுங்கின. என் இதயம் ஐஸ் பெட்டிபோல இருந்தது. நான் ஐஸ் கம்பெனியில்தான் மேற்பார்வை வேலை பார்த்தேன். அங்கேயும் யாரும் என்னிடம் அதிகம் எதிர்பார்த்ததில்லை.

கூடைகள் நிறைந்தன. எல்லோருக்கும் நிம்மதி. அப்போதுதான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். என்னைப் பெண்கள் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார்கள்.

நான் வந்தால் பேச்சு அடங்கியது. திருவிழாவுக்குக் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் நல்ல பாட்டு ஓடினால், நான் போகும்வரை ஒருத்தி குறைத்துவைத்தாள். மதினி வீட்டிலிருந்து வரும் மீன் குழம்பில் உப்பு மட்டும் இருந்தது, ருசி இல்லை. அவள் கை அப்படிப்பட்டதில்லை. மண்டபம் ஊரிலிருந்து எனக்கு ஒரு பெண் விஷயமாகத் தரகர் வந்தார். அவரைப் பஸ் ஸ்டாண்டிலேயே மடக்கி, எனக்குத் தீராத வியாதி என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். என்ன வியாதி என்று கேட்டதற்கு மூன்று பெண்கள் மூன்று வியாதி சொன்னார்களாம். தரகர் மூன்றையும் நம்பிக்கொண்டு போனார்.

எனக்குக் கோபம் வரவில்லை. நியாயமாகத்தான் பட்டது. மோட்டாரில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்வதில்லையா?

முனீஸ்வரிக்குத்தான் கோபம் வந்தது. பாசி காயப்போடும் இடத்தில், நான் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்த சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மதினியோடு மோதினாள். அவள் ஏதோ சொல்லி என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தாளாம். மதினி அவள் தலையில் தட்டியிருந்தாள்.

"அவனச் சிரிக்க வைக்காதடி. அவன் சிரிச்சா நமக்குப் பொழப்புப் போயிரும்."

"அக்கா செத்ததுக்குக் கம்பெனி கடியாரம் குடுத்துச்சு. நாம அந்தச் சாவ வச்சுத் தெனம் சோறு திங்கிறோம். அந்த மனுசன் மரமா இருந்தாத்தான் நமக்கு லாபம். கம்பெனிக்கும் நமக்கும் என்னக்கா வித்தியாசம்?"



"அவுகளுக்கு ஏசி ரூம் இருக்கு" என்றாள் மதினி.

பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மதினி அழுவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கூடையைச் சத்தமில்லாமல் கவிழ்த்துவைத்துவிட்டு நகர்ந்தேன்.

மறுநாள் வள்ளத்தில் முனீஸ்வரி எனக்கு எதிரே உட்கார்ந்தாள். மற்றவர்கள் முறைத்ததை அவள் பொருட்படுத்தவில்லை. பேச ஆரம்பித்தாள். பூமயில் பள்ளிக்கூடம் படிக்கையில் ஒரு சொறிமீன் கரை ஒதுங்கியதைப் பார்த்துவிட்டு ஊருக்குள் ஓடி, முதலில் திறந்திருந்த வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாளாம். அது ரேஷன் கடை. வெளியே நின்ற கூட்டம் கடையை அடைத்துவிட்டதாக நினைத்துச் சண்டை போட்டதாம். கல்யாணத்துக்கு முதல்நாள், மாப்பிள்ளை எப்படிடி என்று கேட்டதற்குப் பூமயில் சொன்னாளாம்: ஆளு சுமார்தான், முதுகு நல்ல அகலம்.

வள்ளத்தில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வெடிக்கப்போகும் அடுப்பைப் பார்ப்பதுபோல. நான் தண்ணீரைப் பார்த்தேன். மதினி முனீஸ்வரியின் தொடையில் கிள்ளினாள். சரியாக அப்போது சேதுராசு அண்ணன், அந்த ரேஷன் கடைக்குள்ள நானுந்தான் மாட்டிக்கிட்டுக் கெடந்தேன், இருட்டுல ரெண்டு பேருமாச் சேந்து கத்துனோம் என்றார்.

எனக்குள் ஏதோ நடந்தது என்று அப்போது தெரியவில்லை. பசிக்கிற மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

அன்றைக்கு முதல் கை முனீஸ்வரியுடையது. இறங்கினோம். தண்ணீர் தெளிவாக இருந்தது. கங்காணிகள் கீழே வட்டமிட்டன. அவள் கல்லிடுக்கில் கைவிட்டுப் பறிக்கத் தொடங்கினாள். நான் கூடையை நீட்டினேன்.

அப்போது அது வந்தது. ஒரே ஒரு சொறிமீன். சின்னது, சோற்றுத் தட்டு அளவு. வெயில் அதற்குள் நுழைந்து வெளியே வந்தது. அவசரமில்லாமல் சுருங்கி விரிந்துகொண்டு முனீஸ்வரியின் முகத்தை நோக்கிப் போனது.

அதில் பயப்பட ஒன்றுமில்லை. முனீஸ்வரிக்குச் சொறிமீன் பயம் கிடையாது. எனக்கும் கிடையாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் என் முதுகு சிலிர்த்தது. அதற்குப் பின்னால் யாரோ ஒளிந்துகொண்டதுபோல. மார்புக்குள் ஒன்று உதைத்தது. மறுபடி உதைத்தது. காதுக்குள் அது மேளம்போலக் கேட்டது. எனக்கே கேட்கிறதே, கங்காணிகளுக்குக் கேட்காதா என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்னொரு உதை.

கூட்டம் திரும்பியது.

மொத்தமும் ஒரே நேரத்தில். நூறு சாம்பல் மூக்குகள் என்னைப் பார்த்தன. வளையங்கள் சுழலத் தொடங்கிய அதிர்வு வயிற்றில் தெரிந்தது. பூமயில் கடைசியாகப் பார்த்தது இதைத்தான் என்று தெரிந்தது. அந்த வருடத்தில் முதல்தடவையாக எனக்குச் சாக விருப்பமில்லை.

முனீஸ்வரி என்னைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். பறித்த பாசியைக் கூடையில் போட்டாள். என் கையை இரண்டு கையாலும் பிடித்தாள், சந்தைக் கூட்டத்தில் குழந்தையைப் பிடிப்பதுபோல. பிறகு மேலே காட்டினாள். அவசரப்படாமல் உந்தினாள். நான் வட்டமாகப் போனேன். அவள் நேராக்கினாள். முதல் கங்காணி என் முகத்துக்கு ஒரு முழத்தில் வந்து நின்றது. ஊசித்துளைகள் என்னைக் கேட்டன, அவளைக் கேட்டன. வளையம் நின்றது. வழிவிட்டு ஒதுங்கியது, மேலிடத்து விருந்தாளிக்கு ஒதுங்குவதுபோல.

வள்ளத்தில் என்னைத் தூக்கிப் போட்டார்கள். மதினி என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். "ஓடுதுடி. ரயில் மாதிரி ஓடுது" என்றாள். பிறகு, போச்சு, பொழப்பு போச்சு என்றாள். சொல்லிக்கொண்டே என் தலையைத் தன் முந்தானையால் துவட்டினாள். அடித்தாளா துவட்டினாளா என்று சொல்லமுடியாதபடி துவட்டினாள். நான் அழுதுகொண்டிருந்தேன் என்று பின்னால் சொன்னார்கள். கடல்தண்ணீர் என்று நினைத்திருந்தேன்.

சேதுராசு அண்ணன்தான் கேட்டார், முனீஸ்வரிக்கு ஏன் பயம் வரவில்லை என்று. அவருக்குத் தெரிந்துகொள்ள நியாயமான காரணம் இருந்தது.

"தெனமும் பயந்துக்கிட்டுத்தான் எறங்குவேன். மச்சான் கையத்தான் நம்பிப் போறது. இன்னைக்கு இவரு வெடவெடன்னு நடுங்குறாரு. இவரக் கொண்டாந்து கரை சேக்கணுமேங்குற நெனப்புத்தான் இருந்துச்சு. நான் பயப்படுறதுக்கு எங்க நேரம்?" என்றாள் முனீஸ்வரி.

மதினி முனீஸ்வரியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள். மேலிருந்து கீழே, கத்தரிக்காய் வாங்குகிறவள் பார்ப்பதுபோல.

"ஏங்க, கொஞ்சம் இங்கிட்டு வாங்க" என்றாள்.

சேதுராசு அண்ணன் வரவில்லை. இன்ஜினுக்குப் பின்னால் போனார். ஆனால் வள்ளத்தில் எவ்வளவு தூரம் ஓடமுடியும்?

இப்போது எங்கள் கரையில் வேலை அப்படித்தான் நடக்கிறது. ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டிலேயே அதிகம் பயப்படும் ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு இறங்குகிறாள். அதற்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. கரையில் வரிசையாக நின்று தூரத்தைப் பார்த்தவர்கள் இப்போது தண்ணீருக்குள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கூடை பிடிக்கிறார்கள். அவர்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும் கவலையில் பெண்களின் இதயம் அடுப்படியில் இருப்பதுபோல நிதானமாக அடிக்கிறது. பூரணம் தன் மாமியாரை அழைத்துப்போகிறாள். அந்த அம்மாள் எதற்கும் பயப்படாதவள் என்று ஊர் நினைத்திருந்தது.

டெரன்ஸ் வந்து சொன்னான். கம்பெனியின் திரையில் பயப்படும் இதயங்கள் எல்லாம் மேலிடத்து விருந்தாளிகள் என்று பதிவாகின்றனவாம். விருந்தாளிகள் எண்ணிக்கை திடீரென்று கூடியிருக்கிறது. எந்த மேலிடம், யார் அனுப்பியது என்று கீழே இருப்பவர்கள் மேலே கேட்கப் பயப்படுகிறார்கள். மேலே இருப்பவர்கள், தங்களுக்கும் மேலே யாரோ அனுப்பியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதைக் கேட்டதிலிருந்து சேதுராசு அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு கடலில் இறங்குகிறார். டெரன்ஸ் மாத்திரையை நிறுத்திவிட்டான். முனீஸ்வரியோடு பேசும்போது இப்போது தூங்குவதில்லை. அவன் இதயம் எகிறுவது கரையில் நிற்கும் எங்களுக்கே தெரிகிறது.

என் இதயம் எகிறிய அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கடிகாரச் சத்தம் தாங்கவில்லை. பேட்டரியைக் கழற்றினேன். மதினி வீட்டிலிருந்து குழம்பு வந்தது. உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் எனக்கு இனி வேலை இல்லை என்று நினைத்து ஐஸ் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். முனீஸ்வரி வாசலில் நின்றாள். அவள் வீட்டில் ஆண்பிள்ளை யாரும் இல்லை. மாடு இருக்கிறது, அதற்குப் பயம் கிடையாது.

வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து காலில் தட்டுகளைக் கட்டினேன். பெயர் பொறித்த பக்கத்தைக் கீழே வைத்தேன். கீழே கங்காணிகள் சுற்றுவது தெரிந்தது. தூரத்தில் ஒரு சொறிமீன். இருக்கலாம், வெயிலாகவும் இருக்கலாம். போட்ட முடிச்சு அவிழ்ந்தது, மறுபடி போட்டேன், மறுபடி அவிழ்ந்தது.

"என்ன மச்சான், பயமா இருக்கா?"

"ஆமாம்" என்றேன்.

"அப்பச் சரி, வாங்க" என்று கையை நீட்டினாள்.